படமில்லாத ஒலியும் புளூ-ரே வட்டும்: அம்பாறைக் கரையோர வாய்மொழிப் பதிவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

திருக்கோவிலிலிருந்து வடக்கே தம்பிலுவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என நீளும் அம்பாறைக் கரையோரத்தில், தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து வளர்த்த வாய்மொழி மரபின் பெரும்பகுதி கேட்பதற்காகவே உருவானது. தம்பிலுவில், காரைதீவு முதலிய ஊர்களின் கண்ணகி அம்மன் கோவில்களில் வைகாசிச் சடங்கின்போது நாட்கணக்கில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரையும், அதன் முடிவில் அம்மனின் சினம் தணியப் பாடப்படும் குளிர்த்தியும், முஸ்லிம் ஊர்களில் வழங்கும் நாட்டார் கவிகளும், தாலாட்டும், றபான் ஒலியோடு எழும் பக்கீர் பைத்தும் இத்தகையன. வழக்குரையின் சொற்களை வி. சீ. கந்தையா போன்றோர் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்துவிட்டனர்; ஆனால் பூசகரான கட்டாடியாரின் குரல் எந்தச் சொல்லில் தாழ்கிறது, உடுக்கை எந்த அடியில் விரைகிறது என்பவற்றை அச்சு தாங்காது. அவை ஒலிநாடாக்களில் மட்டுமே உள்ளன. உப்புக் காற்றும் ஈரமும் அந்நாடாக்களை அரித்துக்கொண்டிருக்க, 2004 டிசம்பர் 26 அன்று வந்த கடற்கோள் கரையை ஒட்டிய வீடுகளோடு அவ்வீடுகளில் இருந்த நாடாக்களையும் கொண்டுபோயிற்று.

எஞ்சிய பதிவுகளை எண்முறைக்கு மாற்றுவோர் அடுத்து எதிர்கொள்ளும் கேள்வி, அவற்றை எதில் வைத்து ஊராருக்குத் திருப்பிக் கொடுப்பது என்பதாகும். இணைய வசதி குறைந்த வீட்டிலும், கோவில் அல்லது பள்ளிவாசல் மண்டபத்திலும், பாடசாலை நூலகத்திலும், தொலைக்காட்சியோடு இணைந்த ஒரு பிளேயரில் போட்டுக் கேட்கத்தக்க வட்டு இன்றும் பயனுடையது. ஓர் அடுக்குப் புளூ-ரே வட்டு 25 ஜிகாபைட்டும் ஈரடுக்கு வட்டு 50 ஜிகாபைட்டும் கொள்ளும் என்பதால், சாதாரண இறுவட்டில் எண்பது நிமிடத்தோடு முடிந்துவிடும் பதிவுகளை இதில் முழுச் சடங்காகவே இடமுடிகிறது. எனினும் ஒலியை மட்டும் கொண்ட தடங்களை இவ்வட்டில் அமைக்க முயல்வோர், மென்பொருள் ஏற்க மறுத்தல், வட்டு ஓடியும் ஒலி வராமை, குரல் மாறி ஒலித்தல், பாட்டின் வால் அறுந்துபோதல் ஆகிய இடர்களை மீண்டும் மீண்டும் சந்திக்கின்றனர். இவை தனித்தனிப் பழுதுகளாகத் தோன்றினாலும், பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றே. புளூ-ரே திரைப்படத்துக்காக வகுக்கப்பட்ட அமைப்பு. அதில் காலத்தை அளப்பதும் இடத்தைக் காட்டுவதும் படத்தின் வேலையாகவே வைக்கப்பட்டுள்ளன.

இதனை விளங்கிக்கொள்ள வட்டின் உள்ளமைப்பைச் சற்று நோக்க வேண்டும். வட்டின் பி.டி.எம்.வி. என்னும் கோப்புறைக்குள், படமும் ஒலியும் சிறு பொட்டலங்களாகப் பின்னப்பட்ட ஓடைக்கோப்புகள் ஓரிடத்திலும், ஒவ்வோர் ஓடையின் இயல்பைக் கூறும் தகவற்கோப்புகள் இன்னோரிடத்திலும், எந்த ஓடையை எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை இயக்குவது என்று கட்டளையிடும் இயக்கப் பட்டியல்கள் வேறோரிடத்திலும் இருக்கும். தகவற்கோப்பினுள் நுழைவுப் புள்ளிகளின் அட்டவணை ஒன்று உண்டு; பார்வையாளர் முன்னோக்கி ஓட்டினாலோ அத்தியாயம் தாண்டினாலோ, பிளேயர் இவ்வட்டவணையைப் பார்த்தே வட்டில் எங்கே பாய்வது என்று முடிவுசெய்கிறது. வழமையான வட்டுகளில் இவ்வட்டவணை படத்தின் முழுச்சட்டகங்களை, அதாவது முந்திய சட்டகத்தைச் சாராமல் தானே முழுமையாக நிற்கும் சட்டகங்களை, அடிப்படையாகக் கொண்டே எழுதப்படுகிறது.

ஆகவே ஓடைகளைப் பின்னும் ரிஎஸ்மக்சர் போன்ற மென்பொருளுக்கு ஓர் ஒலிக்கோப்பை மட்டும் கொடுத்தால், அது ஓடைக்கோப்பு ஒன்றை ஆக்கிக் கொடுக்கக்கூடும். கணினியிலுள்ள இயக்கு மென்பொருள்கள் சில அதைக் குறையின்றி ஒலிக்கவும் கூடும். அதே கோப்பு வீட்டுப் பிளேயரில் நிராகரிக்கப்படுவதும், ஓடினாலும் முன்னோக்கி நகர மறுப்பதும் படத்தின் இன்மையால் நேர்வன. கணினியில் கேட்டது என்பது வட்டு சரியானது என்பதற்குச் சான்றாகாது; இத்துறையில் பலருடைய நேரத்தை விழுங்குவது இந்தத் தவறான நம்பிக்கையே. புளூ-ரே விதிகளை வகுத்தோர், படத்தை விரித்துக் காட்டும் கடமையில்லாத, ஒலிக்கென்றே ஒரு பிளேயர் வகையையும் வரையறுத்திருந்தனர். ஆனால் சந்தையில் வேரூன்றியது படம் காட்டும் பிளேயரே ஆதலால், வட்டை ஆக்குவோர் அதற்கேற்பவே அமைக்க வேண்டியுள்ளது.

உலக அளவில் இசை வெளியீட்டாளர்களும் இதே முடிவுக்கே வந்தனர். நோர்வேயின் 2எல் நிறுவனம் 2008இல் இசைக்கென்றே புளூ-ரே வட்டு வெளியிட்டதும், மியூனிக் நகரின் எம்.எஸ்.எம். ஒலிக்கூடம் திரையில்லாமலே இயக்கத்தக்க வட்டமைப்பை உருவாக்கியதும், 2013இல் யூனிவர்சல் நிறுவனம் இசை வட்டு வரிசையொன்றைத் தொடங்கியதும் இவ்வழியில் வந்தவை. இவற்றிலும் படம் உண்டு. அது அசையாத ஒரு படமாக இருக்கும். தொலைக்காட்சியை இயக்காமலே தொலையியக்கியின் எண்களால் பாட்டையும், சிவப்பு, பச்சை முதலான வண்ணப் பொத்தான்களால் ஒலித்தட வகையையும் தெரிவுசெய்யும் வசதி அதன்மேல் கட்டப்பட்டது.

எனவே முதல் திருத்தம், ஒலியின் நீளத்துக்குச் சமமான அசையாப் படமொன்றை அமைப்பதாகும். இங்கும் வழுக்கல்கள் உள. கோப்பைச் சிறிதாக்க எண்ணி நொடிக்கு ஒரு சட்டகம் என்று படத்தை ஆக்குவோர் உண்டு. புளூ-ரே அவ்வீதத்தை ஏற்பதில்லை. முழு உயர்தெளிவுப் படத்துக்கு நொடிக்கு 23.976 அல்லது 24 முழுச் சட்டகங்கள், அல்லது 50, 59.94 என்னும் வீதங்களில் வரும் பின்னிய அரைச்சட்டகங்கள் என்பனவே ஏற்கப்படும். படத்தைச் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருளில் புளூ-ரேக்குரிய இணக்கத் தெரிவோடு முழுச்சட்டகங்களுக்கிடையிலான உச்ச இடைவெளியையும் குறிக்காவிடின், அது அசையாப் படத்தைக் கண்டவுடன் முழுச்சட்டகங்களை மிகத் தொலைவில் இட்டுவிடும். புளூ-ரேயிலோ முழுச்சட்டகம் நொடிக்கு ஒருமுறை வரவேண்டும். படத்தின் உச்ச வீதம் நொடிக்கு 15 மெகாபிட்டுக்குள் இருப்பின் இரு நொடிகள்வரை தள்ளலாம். அத்தியாயக் குறி பாட்டின் முதற்சொல்லைத் தவறவிட்டு நடுவில் விழுகிறது என்ற முறைப்பாட்டின் காரணமும் இதுவே. வழக்குரையின் ஒவ்வொரு காதையும் தொடங்கும் நொடியில் முழுச்சட்டகமொன்றைக் கட்டாயப்படுத்தி இட்டால் அக்குறை நீங்கும்.

சட்டக வீதத்தைத் தெரிவதில் இக்கரையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இலங்கையின் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 சட்டகத்தை அடிப்படையாகக் கொண்டது. கணக்கும் இதற்கு அழகாகப் பொருந்துகிறது. புளூ-ரேயில் சுருக்கப்படாத ஒலி 5 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டப்பட்டே ஓடையில் இடப்படுவதால், 25 வீதத்தில் ஒரு படச்சட்டகத்துக்குச் சரியாக எட்டு ஒலித்துண்டுகள் அமையும். ஆயினும் புலம்பெயர்ந்த உறவினர் வாழும் கனடாவில் விற்கப்படும் பிளேயர்கள் பல இதற்குரிய 50 அரைச்சட்டக வீதப் படத்தை ஏற்பதில்லை. கல்முனையில் நன்றாக ஓடிய வட்டு ரொறன்ரோவில் ஒலியும் இன்றி நிற்பதற்கு ஒலித்தடத்தில் பழுது தேடுவது வீண்வேலை. பழுது எவரும் பார்க்காத அந்த அசையாப் படத்தில் இருக்கிறது. நொடிக்குச் சரியாக 24 சட்டகம் என்பது இரு நாட்டுக்கும் பொதுவானது. மூன்று சட்டகங்களுக்கு இருபத்தைந்து ஒலித்துண்டுகள் எனக் கணக்கும் எச்சமின்றி முடிகிறது.

அடுத்து ஒலியின் வகைக்கு வரலாம். எல்லாப் புளூ-ரே பிளேயர்களும் கட்டாயம் ஏற்கவேண்டிய வகைகள் மூன்று: அலையைச் சுருக்காமல் அப்படியே எண்களாக வைக்கும் எல்.பி.சி.எம்., நொடிக்கு 640 கிலோபிட் வரை செல்லும் டொல்பி டிஜிட்டல், 1,509 கிலோபிட் வரை செல்லும் டி.டி.எஸ். ஆகியன. டொல்பி ட்ரூஎச்டியும் டி.டி.எஸ்.-எச்டி மாஸ்டரும் விருப்பத்துக்குரியவை. அவற்றைப் புரியாத பிளேயரும் கேட்கும்பொருட்டு உள்ளே கருவாகவோ உடன் துணையாகவோ எளிய வகையொன்று வைக்கப்படுகிறது. கைப்பேசிகளில் பெருவழக்கான எம்பி3, ஏஏசி ஆகியவற்றுக்கும், இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக்குக்கும் இவ்வமைப்பில் இடமில்லை. இவற்றைப் பின்னும் மென்பொருள் மறுக்குமாயின் அது நன்மையே. மறுக்காமல் ஏற்று, பிளேயர் அமைதி காப்பதே தொல்லை. பழைய ஒரு குரலும் உடுக்கையும் கொண்ட பதிவுக்கு எல்.பி.சி.எம். தவிர வேறெதையும் தேடவேண்டியதில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. பலசனல் திரைப்பட ஒலிக்கு இடம் மிச்சப்படுத்தவே மற்றவை வகுக்கப்பட்டன. இரு சனல் கொண்ட 48 கிலோஹேர்ட்ஸ், 24-பிட் ஒலி மணிக்கு ஒரு ஜிகாபைட்டைச் சற்றே தாண்டும் என்பதால், 25 ஜிகாபைட் வட்டில் அசையாப் படத்தோடு சுமார் இருபது மணிநேரம் அடங்கும்.

டொல்பி டிஜிட்டலைத் தெரிவோர் இன்னொன்றையும் நேரிடுவர். அவ்வகையில் பேச்சின் அளவைக் குறிக்கும் எண்ணொன்று ஓடைக்குள் எழுதப்படுகிறது. பிளேயர் அவ்வெண்ணைப் படித்து ஒலியைத் தானே தணிக்கிறது. ஆக்கும் மென்பொருள் வழமையாக -27 என்று எழுதிவிட்டால் ஒலி 4 டெசிபெல் தாழும். -31 என்று எழுதினால் தணிப்பே இராது. தாலாட்டுப் பதிவு வட்டில் மங்கிக் கேட்கிறது என்பதற்காக மூலத்தையே உரக்கச் செய்து, உச்சங்களை நசுக்கிவிடுவது திரும்பப் பெறமுடியாத கேடு.

இடர்கள் அனைத்திலும் மிகக் கவனமாக நோக்கவேண்டியது மாதிரி வீதத்தில் நிகழும் பிழை. ஒலியலையை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறோம் என்பதே மாதிரி வீதம். இசை இறுவட்டு 44.1 கிலோஹேர்ட்ஸில் அமைந்தது. முன்னர் நாடாக்களை மாற்றியோர் பெரும்பாலும் இறுவட்டாக்கவே மாற்றியதால், பல பதிவுகள் அவ்வீதத்திலேயே கிடைக்கின்றன. புளூ-ரேயோ 48, 96, 192 ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். ஆகவே 147 மாதிரிகளுக்கு 160 என்ற விகிதத்தில் ஒலியை மறுகணக்கிட வேண்டும். மறுகணக்கிடாமல் கோப்பின் தலைப்பிலுள்ள எண்ணை மட்டும் 48 என்று திருத்தினால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும், வட்டு ஓடும், பாட்டும் கேட்கும். ஆனால் ஒரு மணிநேரப் பதிவு 55 நிமிடம் ஏழரை நொடியில் முடியும், குரல் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் உயர்ந்துவிடும். முதிய கட்டாடியாரின் குரல் இளைஞனுடையதாகும். ஒப்பாரியின் நிதானம் கெடும். அறியாதவர் செவிக்கு அது பிழையாகத் தோன்றாமல் போகலாம் என்பதே இதன் அபாயம்.

இந்தக் கரையில் இப்பிழை கூடுதல் கனம் பெறுகிறது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழ் யாழ்களின் நரம்புகளுக்குரிய சுருதிகளை எண் விகிதங்களாகக் கணக்கிட்டு, 1947இல் வெளிவந்த யாழ் நூலில் நிறுவினார். அவ்வழியில் வருங்கால ஆய்வாளர் ஒருவர் குளிர்த்தியின் சுர இடைவெளிகளையோ அடிச்சுருதியையோ அளக்க முற்படுவாராயின், அவருக்குக் கிடைக்கும் ஒரே சான்று இந்த வட்டாகவே இருக்கலாம். வேகப்பிழை சுரங்களுக்கு இடையிலான விகிதத்தை மாற்றாது என்பது உண்மை. ஆனால் அடிச்சுருதி, தாளக் கதி, பாடியவரின் குரலியல்பு ஆகிய மூன்றையும் அது பொய்யாக்கிவிடும்.

இப்பிழையைக் கண்டறிய எளிய வழியொன்றுண்டு. மின்னிணைப்பில் ஓடிய கருவியில் பதிவானவற்றின் அடியில் மின்சாரத்தின் மெல்லிய இரைச்சல் பெரும்பாலும் கேட்கும். இலங்கையில் அது 50 ஹேர்ட்ஸில் இருக்கும். அலையை வரைந்துகாட்டும் மென்பொருளில் அவ்விரைச்சல் 54.4 ஹேர்ட்ஸில் தென்பட்டால், தலைப்பு எண் மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது என்று உறுதியாகக் கூறலாம். வேறேதேனும் இடத்தில் தென்பட்டால் நாடாவே வேகம் பிறழ்ந்து ஓடியிருக்க வேண்டும். மின்கலத்தில் ஓடிய கருவியின் பதிவில் இந்த அளவுகோல் கிட்டாது. கலம் தேயத் தேய நாடா மெதுவாகப் பதிந்து, கேட்கும்போது குரல் படிப்படியாக உயர்ந்துகொண்டே போவதை அத்தகைய பதிவுகளில் காணலாம். அதை வட்டாக்கத்தின்போது சரிசெய்ய முனையலாகாது. மூலக்கோப்பில், செய்த மாற்றத்தைக் குறித்துவைத்து, தனிப் பிரதியாகவே செய்யவேண்டும். இரைச்சலை நீக்கும் ஆர்வத்தில் இந்த 50 ஹேர்ட்ஸ் தடயத்தை மூலத்திலேயே துடைத்துவிடுவதும் சான்றை அழிப்பதாகும்.

வேறு சில அறிகுறிகளைச் சுருக்கமாகக் கூறலாம். பாட்டுக்குப் பதிலாகப் பேரிரைச்சல் மட்டும் வந்தால், தலைப்பில்லாத அலைக்கோப்பு கொடுக்கப்பட்டு எண்களின் பைட் வரிசை தலைகீழாகியுள்ளது என்று கொள்ளலாம். வேவ் கோப்பு சிறிய பைட்டை முதலில் வைக்க, புளூ-ரே பெரியதை முதலில் வைக்கிறது. இரவு முழுதும் நீண்ட பதிவு இடையில் நின்றுவிட்டால், வேவ் கோப்பின் நீளத்தைக் குறிக்கும் இடம் 4 ஜிகாபைட்டுக்கு மேல் எண்ண அறியாது என்பதை நினைக்க வேண்டும். இரு சனல், 96 கிலோஹேர்ட்ஸ், 24-பிட் ஒலி இரண்டு மணிநேரம் கடந்த சில நிமிடங்களிலேயே அவ்வெல்லையைத் தொட்டுவிடும். ஒரு சனல் கொண்ட நாடாப் பதிவை அப்படியே இட்டு இடம் மிச்சம் பிடிக்க நினைப்பதும் பயன் தராது. ஒற்றைச் சனலுக்கு ஓடைக்குள் வெற்றுத் துணையொன்று சேர்க்கப்பட்டு இரண்டுக்குரிய இடமே செலவாகும் என்பதால், ஒரே ஒலியை இரு சனலிலும் இட்டுவிடுவதே நலம்.

பாட்டுகளுக்கிடையே விழும் இடைவெளி தனியே பேசத்தக்கது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றக் காலத்தில் ஓதப்படும் மௌலிதைப் போலவோ, வழக்குரையின் ஒரு காதையிலிருந்து மறு காதைக்குச் செல்லும் படிப்பைப் போலவோ, மூச்சு விடாது தொடரும் ஒலியைப் பகுதி பகுதியாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித் தலைப்பாக அமைத்தால், பிளேயர் ஒவ்வொரு முறையும் ஓடையை மூடித் திறக்கும்போது மௌனம் விழும். எண்முறை ஒலிப்பெருக்கியில் இணைத்திருந்தால் அது மீண்டும் பூட்டிக்கொள்ளும் வரை முதல் அசைகளும் தொலையும். முழுப் பதிவையும் ஒரே ஓடையாக வைத்து உள்ளே அத்தியாயக் குறிகளை இடுவதே சரியான முறை. பாட்டின் இறுதி அசை அறுபடுவதற்குக் காரணம் வேறு: இயக்கப் பட்டியலின் முடிவு நேரம் படத்தின் நீளத்தைக் கொண்டு எழுதப்படுவதால், படம் ஒலியைவிடக் குறுகினால் எஞ்சிய ஒலி ஒலிக்காது. படத்தை ஓரிரு நொடி நீட்டி, ஒலியின் முடிவில் அதே அளவு மௌனம் சேர்த்தால் போதும்.

படம் கட்டாயம் என்றான பின் அதைக் கறுப்பாக விட்டுவைப்பது வாய்ப்பை வீணாக்குவதாகும். பதிவான ஊர், நாள், சடங்கின் பெயர், பாடியவரின் சம்மதம் இருப்பின் அவர் பெயர், படிக்கப்படும் காதை ஆகியவற்றை அந்த அசையாப் படத்தில் எழுதிவைத்தால், உறை தொலைந்தாலும் விவரம் தொலையாது. வட்டின் எழுத்துவரிகள் படவுருவாகவே பதியப்படக்கூடியவை என்பதால், பிளேயருக்குத் தமிழ் எழுத்துரு தெரியாவிட்டாலும் பாட்டின் அடிகளைத் திரையில் காட்டலாம். ஒரு தலைப்பில் 32 ஒலித்தடங்கள் வரை இடமிருப்பதால், துப்புரவு செய்யாத மூலத்தை முதல் தடமாகவும், இரைச்சல் நீக்கியதை இரண்டாம் தடமாகவும் வைக்கலாம். இரண்டும் ஒரே வகையிலும் ஒரே நீளத்திலும் இருந்தாலே மாற்றிக் கேட்கும்போது இடறாது.

எழுதும் கட்டத்தில் ஒன்றே முதன்மையானது. கோப்புறைகளைச் சாதாரணத் தரவு வட்டாக எழுதினால் பல பிளேயர்கள் அதை அறியா; யூ.டி.எஃப். 2.50 என்னும் கோப்பமைப்பில் எழுத வேண்டும். பிழையை ஊகித்துப் பல வட்டுகளைக் கெடுப்பதைவிட, பத்து நிமிடப் பகுதியொன்றை மறுபடி எழுதத்தக்க வட்டில் இட்டு இரு வேறு பிளேயர்களில் சோதிப்பது செலவைக் குறைக்கும்.

இவ்வாறு ஆன வட்டு கேட்போர் பிரதியே அன்றி ஆவணக் காப்பு அன்று. அனைத்துலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கம் நாடாக்களை 24-பிட்டில், 48 கிலோஹேர்ட்ஸுக்குக் குறையாமல், இயன்றால் 96இல் மாற்றி, சுருக்கப்படாத அலைக்கோப்பாகப் பேணப் பரிந்துரைக்கிறது. அக்கோப்புகள் வன்தட்டுகளிலும், நூலக நிறுவனம் போன்ற எண்முறைக் காப்பகங்களிலும் பல பிரதிகளாக இருத்தல் வேண்டும். சோனி நிறுவனம் பதியத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை 2025 பெப்ரவரியோடு நிறுத்திவிட்டது. பிற நிறுவனங்களின் வட்டுகள் கிடைக்கும்வரை பணி தொடரலாம். ஆனால் வட்டை ஆக்கிய திட்டக்கோப்பு, அசையாப் படம், அத்தியாய நேரங்கள் ஆகியனவும் மூலத்தோடு சேர்த்துப் பேணப்பட்டால்தான் நாளை வேறொரு வடிவுக்கு மாற்றுவோர் காதைகளின் தொடக்கத்தை மீண்டும் தேடியலைய நேராது.

வட்டு சரியாக அமைந்ததா என்பதை இறுதியாக உறுதிசெய்யும் சோதனை செவியைச் சார்ந்ததன்று. எல்.பி.சி.எம். எதையும் இழக்காத வகை ஆதலால், எழுதி முடித்த வட்டிலிருந்து ஒலித்தடத்தை மீண்டும் பிரித்தெடுத்து, மென்பொருளில் ஒன்றைத் தலைகீழாக்கி, வட்டுக்குக் கொடுத்த 48 கிலோஹேர்ட்ஸ் கோப்போடு தொடக்கம் பொருந்தக் கூட்டினால், சேர்த்த மௌனம் உட்பட முழு நீளத்துக்கும் விடை சுழியமாக வரவேண்டும். எங்கேனும் ஓர் அலை எஞ்சுமாயின், அந்த இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பின்னல், எழுத்து என்னும் படிகளில் எதில் அது புகுந்தது என்று பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.